கடைசி வரிசை இல்லாத கூட்டம்

தான் உட்கார்ந்து பார்க்காத நாற்காலி எதையும் நாற்காலியம்மா வண்டியில் ஏற்றமாட்டார். விசேஷ வீடு, துக்க வீடு, பொதுக்கூட்டம் என்று பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு விடுவதுதான் அவர் தொழில். வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் அவை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். வெளியே அனுப்பும் நாளில் ஒவ்வொன்றையும் உருவி எடுப்பார். ஈரத்துணியால் ஒரு துடைப்பு. பிறகு அதில் தானே ஏறி உட்கார்ந்து, இடப்பக்கம் ஒரு சாய்வு, வலப்பக்கம் ஒரு சாய்வு, பின்னால் ஓர் அழுத்து. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, யாரோ ஒரு பெண்மணி எங்கே உட்காருவதென்று முடிவுசெய்ய முடியாமல் காலையெல்லாம் திண்டாடுவதாகத் தோன்றும்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே ஒரு பெரியப்பாவின் கோபத்தால். நாற்காலியம்மாவின் கல்யாணத்தில் நாற்காலி பற்றாமல் போய்விட்டது. பெரியப்பா தூணோடு தூணாகக் கடைசிவரை நின்றார். "உட்காருன்னு சொல்ல ஒரு நாதி இல்ல" என்று போனவர், அதன்பின் பல வருஷம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. யாரும் நின்றுகொண்டிருக்கக் கூடாது என்பது அன்றைக்கே புதுப்பெண்ணின் மனசில் ஆணியடித்தாற்போல் இறங்கிவிட்டது. முதலில் வீட்டுக்கென்று வாங்கினார். அக்கம்பக்கத்தார் இரவல் கேட்டார்கள். இரவல் வாடகையானது. கணவர் சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கி ஓட்டத் தொடங்கினார். பெரியப்பாவும் ஒருநாள் வந்தார். இருப்பதிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டார்கள். "பரவாயில்ல, நான் நிக்கிறேன்" என்றார் அவர்.

நாற்காலிகளுக்கும் வயசாகும். கால் விரியும், முதுகில் கீறல் விழும், நிறம் வெளுக்கும். அப்படிப்பட்டவற்றுக்கு நாற்காலியம்மா வைத்திருந்த பெயர் 'நோயாளிகள்'. தூக்கிப் போட மனசு வராது. உட்காரும் பலகைக்கு அடியில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்துவிடுவார். நோயாளிகள் எப்போதும் கடைசி வரிசைக்குத்தான் போகும். கடைசி வரிசையில் யார் உட்காருவார்கள்? தாமதமாக வருபவர்கள், சீக்கிரம் கிளம்ப நினைப்பவர்கள். அவர்கள் எப்படியும் நுனியில்தான் உட்காருவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளியும் மானத்தை வாங்கியதில்லை. இந்த ஏற்பாடு அவருக்கும் கணவருக்கும் மட்டுமே தெரியும். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகளுக்குக்கூடத் தெரியாது.

அப்போதுதான் புது அரசாங்கம் வந்தது. வந்த சூட்டோடு சூடாக ஓர் அறிவிப்பு. சமுதாயத்தை எப்படித் திருத்தலாம் என்று இளைஞர்களே சொல்ல வேண்டும். பகுதிக்கு ஒரு கூட்டம் நடக்கும். அதிகாரி ஒருவர் வந்து கேட்பார். பிடித்த யோசனை ஒன்று தலைநகரத்துக்குப் போகும். அதுவரை தங்கள் தலைமுடியைத் தவிர வேறெதையும் திருத்தியிராத பிள்ளைகளெல்லாம் கூடிக் கூடிப் பேசத் தொடங்கினார்கள். மகளைத் தலைவியாக்கினார்கள்.

"தலைவின்னு சொல்லாதீங்க. ஒருங்கிணைப்பாளர்" என்றாள் அவள். அந்த வாரம் முழுக்க வீட்டில் சாப்பாடு பரிமாறினவளும் அவள்தான், பரிமாறுவதில் உள்ள ஏற்றத்தாழ்வு பற்றிப் பேசினவளும் அவள்தான்.

அவளுடைய யோசனை எளிமையானது. கூட்டம் என்றால் மேடை கூடாது, முன்வரிசை கூடாது, பெரியவருக்கென்று பெரிய நாற்காலி கூடாது. எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். அதையே நடத்திக் காட்டி, அதையே தலைநகரத்துக்கு அனுப்பவைக்க வேண்டும். இதற்காக அவள் ராத்திரியில் தூக்கத்தில்கூடப் பேசினாள்.

"மா, உன்கிட்ட ஒரு சத்தியம் வேணும்" என்றாள் மகள் கூட்டத்துக்கு முந்தின நாள். "நாற்காலியைப் போட்டதுக்கப்புறம் நீ எதையும் தொடக் கூடாது. அதிகாரிக்கு மெத்தை வைக்கிறேன், துண்டு போடுறேன்னு கிளம்பக் கூடாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன் தொழிலை உள்ள கொண்டுவராத."

"நான் எதுக்கு வரேன்? வாசல்ல நிக்கிறேன்."

"உள்ள வந்தா வட்டத்துல உட்காரணும். உட்கார்ந்தா யோசனை சொல்லியே ஆகணும். அதான் விதி."

"ஐயையோ, நான் வாசல்லயே நிக்கிறேன்."

அன்றைக்கு நல்ல நாற்காலிகளில் பாதி ஊரின் மறுகோடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. பிள்ளைகளோ நினைத்ததைவிட அதிகம். அதனால் நோயாளிகள் அத்தனையும் வண்டியேறின. நாற்காலியம்மா கவலைப்படவில்லை. மண்டபத்தில் இறக்கும்போதுதான் வழக்கம்போலக் கேட்டார்:

"கடைசி வரிசை எந்தப் பக்கம்?"

"வட்டத்துல ஏதும்மா கடைசி வரிசை?" என்று சிரித்தாள் மகள்.

நோயாளிகளை எங்கே ஒளிப்பது என்று நாற்காலியம்மா சுற்றிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். நல்லதும் நோயாளியும் கலந்து, சீட்டுக்கட்டைக் குலுக்கினாற்போல ஒரு பெரிய வட்டம் உருவாகிவிட்டது.

கணவர் காதருகே வந்தார். "சொல்லிடலாமா?"

"சத்தியம் பண்ணிருக்கேனே."

"அப்ப கடவுள் விட்ட வழி" என்று அவர் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதிகாரி வந்தார். தாராளமான உடம்பு, நல்ல மனிதர் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. மண்டபத்துக்குள் நுழைந்தவர் திகைத்து நின்றார். "முன்பக்கம் எது?"

"எல்லாமே முன்பக்கம்தான் சார்."

"அப்ப நான் எங்க உட்காரணும்?"

"எங்க வேணும்னாலும் சார்."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வட்டத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். வந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார். கடைசியில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலில் நின்ற நாற்காலியம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார். முதுகு வெளுக்கவில்லை. நல்ல நாற்காலிதான். போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது மகள் எழுந்தாள். "யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. ஒவ்வொரு யோசனை முடிஞ்சதும் நான் கரண்டியால டம்ளரைத் தட்டுவேன். எல்லாரும் எந்திரிச்சு வலது பக்கத்து நாற்காலிக்கு மாறணும்."

வந்த உயிர் மறுபடியும் கிளம்பிவிட்டது. ஏனென்றால் அதிகாரிக்கு வலப்பக்கம் மூன்று நாற்காலி தள்ளி இருந்தது சாதாரண நோயாளி இல்லை. நோயாளிகளுக்கெல்லாம் மூத்தது. அதில் இப்போது ஈர்க்குச்சிபோல ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் மூச்சு விட்டதற்கே அது முனகியது.

முதல் யோசனையைச் சொன்னவள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். "வரிசையில் கடைசியில் நிற்பவருக்குத்தான் எந்த அலுவலகத்திலும் முதலில் வேலையை முடித்துத் தர வேண்டும்."

அங்கே ஒருவன் இருந்தான். எதைச் சொன்னாலும் "ஒரு சின்ன திருத்தம்" என்றுதான் ஆரம்பிப்பான். அதனால் அவன் பெயரே திருத்தம் ஆகிவிட்டது. அவன் கையைத் தூக்கினான். "ஒரு சின்ன திருத்தம். அப்படின்னா எல்லாரும் கடைசியில நிக்கத்தான் சண்டை போடுவாங்க."

"போடட்டுமே. முன்னாடி நிக்கப் போடுற சண்டையாவது நிக்கும்ல?"

அதிகாரி குறித்துக்கொண்டார். டம்ளர் ஒலித்தது. எல்லோரும் மாறினார்கள். மூத்த நோயாளிக்கு இன்னும் இரண்டு நாற்காலி.

அடுத்தவன் திங்கட்கிழமையை ரத்து செய்யச் சொன்னான். நாட்டின் சோம்பல் முழுவதும் அந்த ஒரு நாளிலிருந்துதான் உற்பத்தியாகிறதாம்.

"ஒரு சின்ன திருத்தம். அப்ப செவ்வாய்க்கிழமை திங்கட்கிழமை ஆயிடும். அதையும் ரத்து பண்ணணும்."

"அப்படியே போனா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் மிஞ்சும். அதான் லட்சியம்."

மகள் கரண்டியைத் தூக்கினாள். பேச்சை எப்படியாவது இழுத்தால் போதும் என்று தோன்றியது நாற்காலியம்மாவுக்கு. "ஏம்ப்பா, திங்கட்கிழமை இல்லன்னா நாங்க எப்ப வண்டி கழுவுறது?" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் முறைத்தாள். "வட்டத்துக்கு வெளிய இருக்கிறவங்க பேசக் கூடாது."

"சும்மா கேட்டேன்மா. சந்தேகம்தானே."

"நியாயமான சந்தேகம்" என்றார் அதிகாரி. நாட்டில் வண்டி கழுவுவது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. நாற்காலியம்மா மனசுக்குள் திருத்தத்துக்கு ஆயுள் நீளட்டும் என்று வாழ்த்தினார். ஆனால் எந்த விவாதத்துக்கும் ஒரு முடிவு உண்டு. டம்ளர் ஒலித்தது. இன்னும் ஒன்று.

மூன்றாவது யோசனை, வதந்தி பரப்புகிறவர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் சேர்த்தே பரப்ப வேண்டும் என்பது. யாருமே மறுக்கவில்லை. திருத்தம்கூட, "இதுல திருத்த ஒண்ணுமில்ல" என்று கையை விரித்துவிட்டான். பாவி, வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிட்டானே!

டம்ளர் ஒலித்தது.

அதிகாரி எழுந்தார். வலப்பக்கம் திரும்பினார். மூத்த நோயாளி காலை லேசாக விரித்தபடி அவருக்காகக் காத்திருந்தது. அவர் விழுந்தால் மகளின் வட்டமும் விழும், தலைநகரமும் விழும். சத்தியம் தன் வழியில் போகட்டும் என்று நாற்காலியம்மா ஒரே ஓட்டமாக ஓடினார். அதிகாரி உட்காரக் குனிந்த அதே நேரத்தில் இடையில் புகுந்து தொப்பென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மடியில் உட்கார இருந்த அதிகாரி கடைசி நொடியில் நிமிர்ந்தார்.

"அம்மா!" என்றாள் மகள். அந்த ஒரு சொல்லில் ஒரு வாரத்து உழைப்பும் அழுதது.

"விதி விதிதான்" என்று திருத்தம் குஷியானான். "உட்கார்ந்துட்டாங்க. யோசனை சொல்லணும்."

நாற்காலியம்மா அசையாமல் இருந்தார். கீழே ஒரு கால் மெல்ல நழுவுவதை அவர் உடம்பு அறிந்தது. வேறெதுவும் மனசில் வரவில்லை. "யாரும் மாறாதீங்க" என்றார். "அவங்கவங்க இருக்கிற எடத்துலயே அசையாம இருங்க. அதான் எல்லாருக்கும் நல்லது."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "எத்தனை கூட்டத்துக்குப் போயிட்டு வரேன். எல்லாரும் அதை மாத்து, இதை மாத்துன்னுதான் சொல்றாங்க. இப்படி ஒருத்தர்கூடச் சொன்னதில்லம்மா." அவர் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்.

அதற்குள் நாற்காலி தன் முடிவைச் சொல்லிவிட்டது. அது படாரென்று உடையவில்லை. வயசான நாற்காலி; நிதானம் தெரிந்தது. முதலில் ஒரு கால் விரிந்தது, பிறகு இன்னொன்று. நாற்காலியம்மா கும்பிட்ட கையோடு தவணை தவணையாகத் தரைக்கு இறங்கினார். நாற்காலி அவர் பின்னால் கவிழ்ந்து, அடிப்புறத்தைக் காட்டியது.

மகள் ஓடிவந்தாள். "அடிபட்டுச்சாமா?" என்றவள் கண்ணில் அந்தச் சிவப்புப் புள்ளி பட்டது. "இது என்ன புள்ளி?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? தரையில் உட்கார்ந்தபடியே நோயாளிகள் கதையை நாற்காலியம்மா சொல்லி முடித்தார்.

"இன்னும் இருக்கா?"

"அங்கங்க இருக்கும்மா. வட்டமாப் போட்டுட்டீங்களே."

மண்டபமே ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. ஒவ்வொருவரும் தம் நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார்கள். "எனக்கு இருக்கு!" "எனக்கு இல்லடா!" என்று பரிசுக் குலுக்கல்போலச் சத்தம். அதிகாரி கடைசியாக எழுந்துவந்த நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தார். சிவப்புப் புள்ளி. முதுகு வெளுக்காத புது நோயாளி. நாற்காலியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

 அதிகாரி காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியம்மாவின் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இதுக்குக் கீழ விழ இடமில்ல" என்றார். பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். வட்டம் தானாகவே சின்னதானது, முழங்காலோடு முழங்கால் இடித்தது. அதிகாரியை 'சார்' என்று கூப்பிட எல்லோரும் மறந்தார்கள். யோசனைகள் பொரிந்து விழுந்தன. அதிகாரியே ஒன்று சொன்னார்: அலுவலகங்களில் அதிகாரிகளின் மேசையை இழுப்பறை இல்லாமல் செய்ய வேண்டுமாம், உள்ளே போட்டது எதுவும் வெளியே வருவதில்லையாம்.

"தரையில கூட்டம்!" என்றார் அவர் கடைசியில், மகளைப் பார்த்து. "இதான்மா இங்கருந்து போகும். மேடையும் வேணாம், நாற்காலியே வேணாம். நாடு முழுக்க!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மகள் கண்கலங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவும் கண்கலங்கினார், வேறு காரணத்துக்காக. நாடு முழுக்க நாற்காலியே வேண்டாமா? கொட்டகையில் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த அதிகாரி, கிளம்ப வேண்டும் என்றார். எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கிளம்ப வேண்டும் என்றார். முழங்கால் ஒத்துவரவில்லை. ஒரு கையை ஊன்றினார், மறுகையை ஊன்றினார், பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

"ஒரு நாற்காலி கொடுங்கம்மா. புடிச்சுக்கிட்டு எந்திரிக்கிறேன்."

பிள்ளைகள் ஆளுக்கொன்றாக நீட்டினார்கள். "அதில்ல! அதில்ல!" என்று நாற்காலியம்மா பதறி எழுந்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஒரு நல்லதைக் கொண்டுவந்து ஊன்றிப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அதைப் பற்றி, ஓர் அரசாங்கமே எழுவதுபோல மெதுவாக எழுந்தார்.

திருத்தம் கையைத் தூக்கினான். "ஒரு சின்ன திருத்தம். தரையிலதான் உட்காரணும். ஆனா எந்திரிக்க ஆளுக்கு ஒரு நாற்காலி முன்னால இருக்கணும்."

அதிகாரி முழங்காலைத் தடவிக்கொண்டே அதையும் குறித்துக்கொண்டார்.

வண்டியில் திரும்பும்போது மகள் உடைந்த நாற்காலியை மடியில் வைத்திருந்தாள். "ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"தொழிலை உள்ள கொண்டுவராதன்னு நீதானேடி சொன்ன?"

 மகள் சிரிப்பை அடக்கத் தெரியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை கணவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். நாற்காலியம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு நாற்காலி. அதைப் பிடித்து எழுந்தார். அதை ஓரமாக வைத்தார். அடுத்ததை இழுத்துப் போட்டார். மறுபடியும் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன கூத்து இது?"

"பேசாம இருங்க" என்றார் நாற்காலியம்மா, மூச்சு வாங்கியபடி. "புது அரசாங்கம்."