எண்பதாயிரமும் ஒரு கடைவாய்ப்பல்லும்

காயில்காரர் தன் மனைவியின் அண்ணனுக்கு எண்பதாயிரம் கடன்பட்டிருந்தார். கேட்டு வாங்கியதல்ல. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயங்கிக் கிடந்தபோது, அடைத்த இதயக் குழாயை விரித்து ஸ்டென்ட் வைக்க மச்சான் கட்டிய பணம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எரிந்த மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றியே மாடி வீடு கட்டியவர் காயில்காரர். அதுவரை யாரிடமும் கை நீட்டியதில்லை.

மூன்றாம் வாரமே பணத்தோடு போனார். இரும்புச் சாமான் கடை வைத்திருந்த மச்சான் வாங்கவில்லை.

"வச்சுக்குங்க மாப்ள. ஒரு வருஷத்துக்குள்ள குழாய் மறுபடி சுருங்கலாமாம். அப்ப யார்கிட்ட ஓடுவீங்க?"

அதோடு விட்டாரா? "அவரு நெஞ்சு என் காசுலதான் அடிக்குது" என்று ஆணி வாங்க வந்தவனிடம்கூடச் சொன்னார். அது காயில்காரர் காதுக்கு வந்தது. அந்தக் கடையிலேயே, நாலு பேர் பார்க்க, மச்சான் கையில் பணத்தை வைக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டினார்.

குறுக்கே நின்றது ரத்தப் பரிசோதனை.

"சுகர், கொழுப்பு ரெண்டும் சரி. சி.ஆர்.பி.தான் எட்டு. மூணுக்குக் கீழ இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "உள்ள எங்கயோ அழற்சி இருக்கு. இது எறங்கலைனா, விரிச்ச இடம் திரும்பச் சுருங்க வாய்ப்பு கூடுதல்."

பீடியை விட்டார். விடியலில் நடந்தார். உப்பைக் குறைத்தார். அடுத்த மாதம் ஒன்பது. தங்கையிடம் போனில் விசாரித்த மச்சான், "அப்ப இன்னொரு எண்பதை எடுத்து வைக்கிறேன்" என்றார்.

கண்டுபிடித்தது மனைவிதான். "ஒயரை ஏன் இப்பல்லாம் இடப்பக்கமாவே கடிக்கிறீங்க?"

நாற்பது வருஷமாக ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரிப்பவர். அதற்கென்று ஒரு கட்டிங் பிளேயர் வாங்கியதில்லை என்பது அவர் பெருமை. வலது கடைவாய்ப்பல் சீழ் கட்டி மாதக்கணக்காகியிருந்தது. அந்தப் பெருமைதான் வாயைத் திறக்கவிடவில்லை.

"சொல்லவே இல்லையே?" என்றார் டாக்டரம்மா.

"பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ரத்தம் ஒண்ணுதானே பெரியவரே."

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தாமலேயே பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு மாதத்தில் எண் ஒன்றரைக்கு இறங்கியது.

"இனிமே சுருங்கவே சுருங்காதுன்னு சொல்லமாட்டேன். மாத்திரைய விட்டுடாதீங்க."

"நம்பர் எறங்கிச்சுல்ல, அது போதும்மா."

நேரே கடைக்குப் போனார். கல்லாவுக்கு முன்னால் இரண்டு கொத்தனார்கள் நின்றிருந்தார்கள். ரிப்போர்ட்டைத் தராசின் மேல் விரித்து வைத்தார்.

"கைய நீட்டுங்க மச்சான்."

"என்ன அவசரம்? சுருங்கிச்சுன்னா?"

"சுருங்கினா என் காசுல விரிச்சுக்குவேன். நீட்டுங்க."

கொத்தனார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சானின் கை மெல்ல நீண்டது. காயில்காரர் ஐநூறு நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, சத்தமாக எண்ணினார். ஐம்பதில் மச்சான், "போதும் மாப்ள, சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"பேசிக் கணக்கைக் கெடுத்துட்டீங்களே" என்று ஐம்பதையும் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நூறைத் தாண்டும்போது மச்சான் நீட்டிய கையை மறு கையால் தாங்கிக்கொண்டார். இவர் வேகத்தைக் கூட்டவில்லை. நூற்று அறுபதாவது நோட்டு அந்த உள்ளங்கையில் விழுந்தது.