என் கதைக்கு நடந்த உபவாச ஜெபம்

இன்று சேலையூரில் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், பெண்கள் ஜெபக்குழுவை நடத்தும் மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் குடும்பம் உடையக் கூடாதுன்னு எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபிச்சோம்மா."

பக்கத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்த என் கணவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

விஷயம் இதுதான். போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் போட்ட சிறுகதையில், 'நான்' என்று கதை சொல்பவள் கணவனை விட்டுப் போகிறாள்.

"அக்கா, அது கதை. அதுல வர்ற 'நான்' நான் இல்ல."

"அப்போ 'அவள்'னு எழுதக் கூடாதா?"

"மாட்டேன்க்கா. 'அவள்'னு எழுதியிருந்தா, அவளுக்காக நீங்க யாராவது பட்டினி கிடந்திருப்பீங்களா?"

அக்கா என் கையை விட்டுவிட்டார்.

அடுத்த கதையில் நான் ஒரு கொலை செய்கிறேன். எத்தனை நாள் உபவாசம் என்று ஜெபக்குழு கமெண்டில் சொல்லலாம்.