தரிசு என்று எழுதினேன்

பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில், நிலவுரிமை மனு நிரப்பும் தற்காலிக வேலைக்குப் போயிருந்தேன். எனக்குத் தோவாளை. வயலை ஒரு போகம் சும்மா போட்டாலே சோம்பேறி என்று ஏசுகிற ஊர்.

அங்கே ஓர் அக்கா தன் நிலத்தைச் சுற்றிக் காட்டினார். வீட்டருகே மரச்சீனிக் கிழங்கும் மிளகும் நின்றன. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குப் புதர்.

"இதுல ஒண்ணும் நடல்லியா அக்கா?"

"அது ஒறங்குது சாரே. இன்னும் ரெண்டு வருசம் கழிஞ்சா எழுப்புவோம்" என்றவர், அப்படி ஓய்வில் விட்ட நிலத்துக்குத் தங்கள் பேச்சில் ஒரு பெயரும் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மண் உறங்குமாம்! மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸை விட்டுவிடுவேனோ என்ற பதற்றத்தில், "தரிசு, பயன்பாட்டில் இல்லை" என்று எழுதி, படித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கினேன்.

அடுத்த வருஷம் பட்டாவைக் கொடுக்கப் போனதும் நான்தான். ஓடைக்கு இந்தப் பக்கம் மட்டுமே அதில் இருந்தது. அக்கா கோபப்படவில்லை.

"மத்தது எங்க சாரே? ஒங்களுக்குக் காட்டித் தந்தேம்லா?"

உண்மையைச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து மறுமனு எழுதினேன். உறங்கும் நிலத்துக்கு அவர் சொன்ன பெயரை எழுதப் பேனாவை எடுத்தால் நினைவில் இல்லை, அவரிடமே கேட்டேன். மறதிக்காரப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

மறுமனுவுக்கு இன்னும் பதில் இல்லை. அவர் சொன்ன இரண்டு வருஷம் போன மாதத்தோடு முடிந்துவிட்டது. நிலத்தை எழுப்ப அவர் தயாராகத்தான் இருக்கிறார். ஓடையைத் தாண்டவிடாமல் என் ஒரு வார்த்தை குறுக்கே நிற்கிறது.