அக்கா வருவதற்குள்

சின்னவளுக்குத் தலை பின்ன உட்காரும் நேரம் பார்த்துத்தான் எங்காவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நிற்கும். வேறு நேரத்தில் நிற்காது. லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு அப்படி ஒரு ராசி. வாயில் ரப்பர் பேண்ட், ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் பாதிப் பின்னல். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "வர்றேன் சார், கிளம்பிட்டேன்" என்பான். "உள்ள ரெண்டு பேரு மாட்டிக்கிட்டு கத்துறாங்கய்யா" என்பார் காவலாளி. அவர்களுக்கென்ன, மாட்டிக்கொண்டால் கத்துவார்கள், கத்தினால் இவன் வருவான். இவன் யாரைக் கூப்பிட்டுக் கத்துவது?

உள் அறையில் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். தூக்கமா என்றால் இல்லை, கண் திறந்துதான் இருக்கும். டாக்டரிடம் காட்டியாயிற்று. மனச்சோர்வு என்றார், மாத்திரை எழுதினார். அப்புறம் மாத்திரையை மாற்றினார். "கொஞ்ச நாளாகும், பொறுமையா இருங்க" என்றார். பொறுமையாகத்தான் இருக்கிறான். பொறுமைக்குத் தலை பின்னத் தெரியுமா? அரிசி களையத் தெரியுமா?

முன்பெல்லாம் அவள் வாயைத் திறந்தால் சிரிக்காத ஆள் கிடையாது. ஒருவரை ஒரு தடவை பார்த்தால் போதும், அவர் நடக்கிற நடை, மூக்கை உறிஞ்சுகிற விதம் எல்லாம் அப்படியே வந்துவிடும். கல்யாணமான புதிதில், ஸ்பேனரைத் தேடி இவன் வீடு முழுக்கப் புலம்பிக்கொண்டே அலைவதை இவனுக்கே நடித்துக் காட்டுவாள்; சிரித்துச் சிரித்து இருவருக்கும் புரையேறிப்போகும். அவள்தான் இவள் என்று யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். சில நாள் அவனுக்கே நம்பிக்கை வருவதில்லை.

பெரியவளுக்கு ஏழு வயது. அவளைப் பள்ளியில் விட்டுவிட்டால் ஒரு கவலை தீர்ந்தது. சின்னவள் நாலு வயது வாண்டு. அம்மாவோடு விட்டுவிட்டுப் போகலாம்தான். ஒருமுறை போனான். திரும்பி வந்தபோது குழந்தை நனைந்த ஜட்டியோடு, பச்சை அரிசியை மென்றுகொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அதே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அன்றிலிருந்து வேலைக்குப் போகும் இடமெல்லாம் சின்னவளும் கூடவே வந்தாள். மொட்டை மாடியில் மோட்டார் ஓடும் அறைக்கு வெளியே, கருவிப் பெட்டியின் மேல் உட்காரவைத்து, "இந்த இடத்த விட்டு அசையக்கூடாது, சரியா?" என்பான். அவளும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டுவாள்.

ஒருநாள் அசைந்துவிட்டாள். பிரேக்கைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தால் பெட்டி இருக்கிறது, பிள்ளை இல்லை. கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்க்கத் தைரியம் வராமல், முதலில் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு படிப்படியாக, மாடி மாடியாகத் தேடிக்கொண்டு இறங்கினான். கீழே காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள் மகராசி. யாரோ வந்த பக்கத்து லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறாள். "உங்க அம்மா எங்க பாப்பான்னு கேட்டேன். அம்மா எப்பவும் படுத்தேதான் இருப்பாங்கங்குது. என்னய்யா குடும்பம் இது?" என்றார் காவலாளி.

இந்தக் கதை எப்படியோ அக்கா காதுக்குப் போய்விட்டது. அவனுடைய கூடப் பிறந்த அக்கா, பக்கத்து ஊர்க்காரி. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட, வீட்டில் அவளும் மாமாவும் மட்டும்தான். கெட்டவள் இல்லை. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டு வந்துடப்போறேன்" என்றாள் போனில்.

"அக்கா, அதெல்லாம் வேணாம். அவ இப்ப எவ்வளவோ தேவலை."

"பொய் சொல்லாதடா."

"சத்தியமாக்கா. வந்து நீயே பாரு. அவ எழுந்து நடமாடலன்னா கூட்டிட்டுப் போ, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன வாக்குக் கொடுத்தோம் என்று உறைத்தது. பிள்ளைகள் போய்விட்டால் அந்த வீட்டில் என்ன மிச்சம்? சாயங்காலம் கதவைத் திறந்ததும் காலைக் கட்டிக்கொள்ள அந்த இரண்டும்தான் இருக்கின்றன. அதற்காகத்தான் அவன் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறான்.

அன்று மனைவியின் கட்டில் ஓரமாக உட்கார்ந்தான். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் மூடிய கதவுக்கு வெளியே நின்று பேசும் அதே குரல் தானாக வந்தது. "பயப்படாத. அவசரம் ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம், எழுந்து உக்காந்தா போதும். அக்கா கண்ணுக்கு நீ நடமாடற மாதிரி தெரிஞ்சா போதும். இல்லன்னா பிள்ளைங்க போயிடும்."

அவன் எழப்போன சமயத்தில், "பாக்கறேன்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாவி மனுஷன்!

மீதி நாளெல்லாம் அவனுக்குத் தலைக்கு மேல் வேலை. ஜன்னல் துடைத்தான், மூலையில் மலையாகக் குவிந்த துணியைத் துவைத்தான். பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து, கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தான்.

"அத்தை கேட்டா யாரு சமைக்கறாங்கன்னு சொல்லணும்?"

"அம்மா!"

"யாரு குளிக்க வைக்கறா?"

"அம்மா!"

"பொய் சொன்னா மிஸ் திட்டுவாங்கப்பா" என்றாள் பெரியவள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சொல்றேன்" என்றாள். கேட்கக்கூடிய கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் தயார். எதையும் விட்டுவிடவில்லை என்றுதான் நினைத்தான்.

ஞாயிறு காலை அவன் கண் விழித்தபோது கட்டில் காலியாக இருந்தது. பதறி எழுந்து ஓடினான். அவள் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பு இளைத்து, போட்டிருந்த துணி தொளதொளவென்று தொங்கியது. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் நின்றாள். பேசினால் கலைந்துவிடுமோ என்று பயந்து, அவன் வந்த வழியே பின்வாங்கினான்.

அக்கா வந்தாள். வந்ததும் வராததுமாகப் பிள்ளைகளைப் பிடித்து விசாரித்தாள். இரண்டும் ஒப்பித்தன. மனைவி டீ கொண்டுவந்து கொடுத்து எதிரில் உட்கார்ந்தாள். "எப்படிம்மா இருக்க?" என்று அக்கா கேட்டதற்கு, டாக்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடுவதை நடித்துக் காட்டினாள். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் இப்படி நடித்து எத்தனை காலமாயிற்று!

"சரிடா" என்றாள் அக்கா. "நான்தான் பெருசா நெனச்சிட்டேன் போல. நல்லாத்தான் இருக்கா. பிள்ளைங்க உங்ககிட்டயே இருக்கட்டும்."

பெரியவர்கள் பேச்சு சலித்துப்போய், பிள்ளைகள் எப்போதோ சோபாவுக்குப் பின்னால் போயிருந்தார்கள். அங்கிருந்து சின்னவள் குரல் கேட்டது.

"எழுந்திரும்மா. ஒரு வாய் சாப்பிடு."

மூன்று பேரும் திரும்பினார்கள். தரையில் துண்டை விரித்துப் பெரியவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் குந்தியிருந்த சின்னவள், காலி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். பெரியவள் அசையவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "லைட்ட அணைச்சுட்டுப் போ" என்றாள். சின்னவள் எழுந்து, இல்லாத ஸ்விட்சை அணைத்தாள், இல்லாத கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். தள்ளிப் போய் நின்று, கை கழுவுவதுபோல் இல்லாத குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சட்டை நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் தான் அழுவது யாருக்கும் தெரியாது என்றுதான் அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"அக்கா, போதும்" என்றாள் சின்னவள். "இப்ப நான் அம்மா."

"இருடி. இன்னும் சாயங்காலம் ஆகல."

யார் முகத்திலும் ஈயாடவில்லை. அக்கா தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவிதான் பேசினாள்.

"அண்ணி, இதுங்கள கூட்டிட்டுப் போங்க."

"ஏய், என்ன பேசற? பிள்ளைங்க ஏதோ விளையாடுதுங்க" என்றான் அவன்.

"பாத்தீங்கல்ல? என்னை மாதிரியே படுத்திருக்கா." கை நீட்டிப் பெரியவளைக் காட்டினாள். "இன்னிக்கு எழுந்துட்டேன். நாளைக்கு என்னால முடியாதுங்க. எனக்குத் தெரியும். இங்கயே இருந்தா இதுங்களுக்கும் இதான் வரும்."

அவன் கெஞ்சினான், கோபப்பட்டான், அக்காவிடம் "நீயாவது சொல்லேன்" என்றான். மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். துணிகளை அவளே மடித்துப் பையில் வைத்தாள். இரண்டு பேரையும் முன்னால் உட்காரவைத்து, இழுத்து, கோணாமல், இறுக்கமாகத் தலை பின்னிவிட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் வராத தெம்பு, அனுப்பி வைக்கவா வரவேண்டும்? அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் இருந்தது, அவள் காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். அவளும் பின்னாலேயே இறங்கி வந்து டாக்சி அருகில் நின்றாள்.

டாக்சியில் ஏறிய பிறகும் பிள்ளைகள் அழவில்லை. அத்தை வீட்டுக்கு லீவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். சின்னவள் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். என்னடி என்று அக்கா கேட்டதற்கு, "எப்பப் பாரு இவளே அம்மா ஆகுறா. எனக்குத் தரவே மாட்டேங்குறா" என்று சிணுங்கினாள்.

பெரியவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தங்கையின் தோளில் கை போட்டுக்கொண்டு, "சரி, அழாத. அத்தை வீட்டுக்குப் போனதும் நீயே படுத்துக்கோ" என்றாள்.

டாக்சி கிளம்பியது. மனைவியின் காதில் அது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தான். விழுந்திருந்தது.