உள்ளே மடித்த துணி

என் அக்கா தையல்காரி. பிள்ளைகளுக்கு எதைத் தைத்தாலும் இரண்டு பக்கமும் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விடுவாள். பிள்ளை வளர்ந்தால் தையலைப் பிரித்து அகலமாக்கிக்கொள்ளலாம். அதற்காகவே தெருவில் உள்ள தாய்மார்கள் வேறு கடையை எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அவளுக்கு ஒரே மகள். நோயில் உடம்பு பாதியாகி, பழைய சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்கியபோது, அக்கா ஒரு நீலச் சட்டை தைத்துக் கொடுத்தாள். மகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னும் எவ்வளவும்மா நான் வளரணும்?"

கல்லூரி முடித்த பெண்ணுக்கும் கைப்பழக்கத்தில் துணி விட்டிருந்தாள் அக்கா. "இருந்துட்டுப் போகட்டும்டி," என்றாள். கடைசிவரை மகள் அந்தச் சட்டையைத்தான் துவைத்துத் துவைத்துப் போட்டாள்.

அவள் போன பிறகு அக்கா யாருக்கும் துணி விடவில்லை. உடம்போடு ஒட்டத் தைத்தாள். "ஆறு மாசத்துல பத்தாம போயிடுமேக்கா," என்று ஒரு தாய் கேட்டதற்கு, "மொதல்ல வளரட்டும், அப்புறம் பாக்கலாம்," என்றாள். அந்தத் தாய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டு வெளியேறினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா என்று கத்தினேன். அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சே குறைந்துபோயிருந்தது.

ஒரு நாள், மலைக்கோயிலுக்கு நடந்து போகப் போவதாகச் சொன்னாள். இறந்தவர்களுடைய பொருள் ஒன்றை மலைவாசலில் விட்டுவிட்டு வந்தால் மனம் ஆறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் போனால் ஆறாதா என்று கேட்டேன். முறைத்துவிட்டு, நீலச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

வழி நெடுகக் கூட்டம்தான். தங்கும் கூடங்களில் ஆளாளுக்குத் தங்கள் வீட்டு இழப்பைச் சொல்லி அழுதார்கள். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு லாரி டிரைவரின் பை வார் அறுந்தபோது ஊசி எடுத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அவர் சும்மா இருக்காமல், "யாருக்காகம்மா நடக்கறீங்க?" என்று கேட்டார்.

"சும்மாதான்."

பெற்ற மகளைச் சும்மா என்று சொல்லிவிட்டோமே என்று, அதற்குப் பிறகு யாரோடும் சேராமல் பின்தங்கியே நடந்தாளாம். முன்னால் போகிறவர்களின் முதுகு தெரியும், பின்னால் யாரும் இல்லை. அதைச் சொல்லும்போதுகூட அவள் குரல் இறங்கிவிடும்.

மலையடிவாரத்தில், உச்சி வெயிலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சட்டையை வெளியே எடுத்தாள். ஓரத்தில் நூல் ஒன்று தொங்கியது. நூல் தொங்கும் சட்டையை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. வெட்டிவிடலாம் என்று சட்டையைப் புரட்டினாள்.

உள்ளே அந்த இரண்டு விரல் துணி. வெளியே எல்லாம் வெளுத்துப்போயிருக்க, மடிப்புக்குள் இருந்தது மட்டும் துணி வாங்கிய அன்றைக்குப் போலக் கருநீலமாக இருந்தது. அக்கா வாய்விட்டு அழுதாள். முன்னமே வந்து சேர்ந்திருந்த அந்த டிரைவர் சற்றுத் தள்ளி வந்து உட்கார்ந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், "யாரும்மா?" என்றார்.

"என் பொண்ணு."

அதன் பிறகு பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தாள். உள்துணியை வெளியே எடுத்துக் கையாலேயே தைத்து முடித்தாள். நடந்து நடந்து அவளும் இளைத்திருந்தாள். போட்டுப் பார்த்தபோது சட்டை கொஞ்சம் பிடித்தது, ஆனாலும் ஏறியது.

மலைவாசலில் பொருட்களை வாங்கி வைப்பவர், "என்னம்மா விடப் போறீங்க?" என்று கேட்டார். அக்கா கையை விரித்துக் காட்டினாள். பிரித்தெடுத்த நூல் மட்டும் இருந்தது.

இரண்டு பக்கமும் கருநீலப் பட்டை தெரிய அந்தச் சட்டையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். மறுநாளே நான், கோபித்துக்கொண்டு போன அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், சண்டை போடாத குறையாக அவளையும் மகளையும் கையோடு கூட்டி வந்தேன். அக்கா அளவெடுத்தாள். துணியை விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள்.

"பாத்து தைங்கக்கா," என்றாள் தாய், தயங்கித் தயங்கி. "மளமளன்னு வளர்றா."

"வளரட்டும்," என்றாள் அக்கா. கோட்டுக்கு வெளியே இரண்டு விரலை வைத்து அளந்து, இன்னொரு கோடு போட்டாள்.