சுற்றிக்கொண்டே இருந்த நீல வட்டம்

எருமப்பட்டியில் நான் நடத்தும் கணினி மையத்துக்கு, கோழிப்பண்ணையில் வேலை செய்யும் ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணி வரைதான் நேரம். சாதிச் சான்றிதழே அன்று காலையில்தான் கைக்குக் கிடைத்திருந்தது.

மூன்றரைக்கெல்லாம் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒரு நீல வட்டம் சுற்றத் தொடங்கியது. கீழே, 'பக்கத்தை மூட வேண்டாம்' என்று எச்சரிக்கை.

அரை மணி நேரம் ஆயிற்று.

"ஏனுங்க, போயிட்டிருக்குதுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சுத்துதில்லைங்க? அப்ப வேலை நடக்குதுன்னு அர்த்தம். கடைசி நாள் கூட்டம், மெதுவாத்தான் போகும்" என்றேன். அவர் நம்பினார். அவரைவிட நான் அதிகம் நம்பினேன்.

ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது, மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்த மகள்தான் சொன்னாள். "அண்ணா, மோடத்துல செவப்பு லைட்டு எரியுதுங்க."

லைன் அறுந்து எவ்வளவு நேரமாயிற்றோ, தெரியாது. வட்டம் மட்டும் ஒரு நொடிகூட நிற்கவில்லை. போனிலிருந்து இணைப்புக் கொடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். புகைப்படத்தை ஏற்றும்போது 'காலக்கெடு முடிந்தது' என்று வந்தது. அந்தப் பெண் அழவில்லை. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைத்தாள்.

இனி ஏதாவது வழி உண்டா என்று கேட்க, மறுநாள் மூவரும் பஸ் ஏறி, சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் இருந்த விண்ணப்ப உதவி மையத்துக்குப் போனோம்.

"அந்த வட்டம் வெறும் படம்ங்க. லைன் போனாலும் அது பாட்டுக்குச் சுத்தும்" என்றார் அங்கிருந்தவர், சிரித்துக்கொண்டே.

"அப்புறம் எதுக்குங்க அதை வெச்சிருக்கீங்க?"

"திரை அப்படியே நின்னா ஜனங்க பதறிடுவாங்கல்ல?"

நாலு மணிக்கே பதறியிருந்தால் இவள் பிழைத்திருப்பாளே! "போச்சா, போகலையான்னு ஒரு வரி எழுத முடியலை, ஏமாத்துறதுக்கு மட்டும் படம் போடத் தெரியுதா?" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உடுங்க சாமி, போலாம்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

அந்த வருடம் மகளும் பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள். அடுத்த வருடம் விண்ணப்பித்து இடம் வாங்கிவிட்டாள். நாமக்கல்லில் வேறொரு மையத்தில் போட்டார்களாம். பஸ்ஸில் பார்த்தபோது அந்த அம்மாவே கூச்சத்தோடு சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க."

அவர்மேல் எனக்கென்ன கோபம்? குனிந்து மோடத்தைப் பார்க்காத என்மேல் கோபம். பார்க்கவே தோன்றாதபடி என்னை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தவர்கள்மேல் அதைவிடக் கோபம்.