சாட்சிக் கையெழுத்து

மந்தைவெளி வீட்டில் அப்பா உயில் எழுதியபோது, லீவில் வந்திருந்த தம்பியும் பக்கத்தில்தான் நின்றிருந்தான். அப்பா என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார். எழுதியிருந்ததைச் செய்தித்தாளால் மறைத்து, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினார். மாதா கோயில் கல்யாணப் பதிவேட்டில் போடுவதுபோல, படிக்காமல் போட்டேன்.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் சொன்னார். அவர் கணவர் வக்கீல். "கிறிஸ்தவங்க உயில்ல, சாட்சி போட்டவங்களுக்கு எழுதிவச்சது செல்லாதாம்."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டால் வீட்டுக்கு அலைகிறேன் என்றாகும். கேட்காவிட்டால் வீடே போகும். பத்து வருடமாக அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவள் நான், துபாயில் இருக்கிற தம்பி இல்லை. தினமும் சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போய், அடுக்கிவைத்த மாத்திரைகளையே மறுபடி அடுக்கிவிட்டுத் திரும்பினேன்.

நேற்று கேட்டேவிட்டேன். "அப்பா, சாட்சி போட்டவங்களுக்கு எழுதினது செல்லாதாம். வேற உயில் எழுதிடலாமா?"

அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்மா. உயில் எழுதிக் குடுத்த வக்கீல் அன்னைக்கே சொன்னாரு. அதனாலதான் தம்பிய விட்டுட்டு உன்னப் போடச் சொன்னேன்."